வாலில் ஒரு ‘யோ’

கம்பெனி ஆபீஸ் வராந்தாவில் முட்டி போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தேன். அப்போதுதான் பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பேன்ட்டின் முட்டியில் ஈரம் ஏறியது. மூக்கில் பினாயில், உடம்பில் ரப்பர் வாசனை. டிப்ளமோ முடித்து, மீசையை டிரிம் பண்ணிக்கொள்ளும் வயதில் இருந்த ஆள் நான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கவுண்ட்ஸ் பெண்கள் மூன்று பேர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைக் கையால் மூடிக்கொண்டாள். செக்யூரிட்டி அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“இன்னா தம்பி, வேண்டுதலா? எழுந்துருப்பா, பெரியவரு பாத்தா பேஜாரா பூடும்.”

“அவரு பாக்கத்தான் அண்ணா போட்டுக்கினு கீறேன்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்திருப்பார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. கொரிய மொழியில் மன்னிப்பு கேட்க எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதில் வார்த்தையே கிடையாது.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் இந்தப் பக்கத்தில், செல்போனைத் தலையணைக்கடியில் ஒளித்துக் கொரிய சீரியல் பார்க்கும் என் மகளைக் கிண்டல் செய்து எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “நீங்கள் அந்தக் கண்றாவியைப் பார்த்ததே இல்லையா சார்?”

பார்த்திருக்கிறேன் அம்மா. உங்கள் ஊரில் யாரும் பார்ப்பதற்கு முன்னால் பார்த்தவன் நான். பைத்தியமாகப் பார்த்தவன். மகளுக்கே இது தெரியாது. கிண்டல் பண்ணுகிற தகுதி எனக்குக் கொஞ்சமும் இல்லை. அதனால் இந்த வாரம் என் மானத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்.

செல்போனில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறொன்றும் இல்லாத காலம் அது. நான் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். சிப்காட்டில் கொரியாக்காரர்கள் நடத்திய ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. காரின் கதவு ஓரத்தில் ஒரு கறுப்பு ரப்பர் பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். அதைச் செய்கிற இடம். அச்சிலிருந்து வரும் ரப்பரில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் வெட்டி எடுப்பது பெண்களின் வேலை. வெட்டியதைச் சரிபார்ப்பது என் வேலை.

சாதிக் பாய் கடை

பஜாரில் சாதிக் பாய் சிடி கடை வைத்திருந்தார். பழவேற்காட்டுக்காரர். கொரியாக்காரர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் டிஸ்க்குகளை அவரிடம் கொடுத்து காப்பி போட்டு வாங்கிக்கொள்வார்கள். பாய் தனக்கும் ஒரு காப்பி போட்டுக்கொள்வார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. யாரும் கேட்காத அந்த டிஸ்க்குகள் கடையின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல படம் எதுவும் இல்லையென்று அதில் ஒரு சீரியல் செட்டை எடுத்துப் போனேன். உறை மேல் ஸ்கெட்ச் பேனாவில் பாய் “கொரியா வாத்தியார்” என்று எழுதியிருந்தார். உண்மையான பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. யாருக்கும் அடங்காத ஒரு வகுப்பு. புதிதாக வருகிறார் ஒரு வாத்தியார். தலைமுடி கலைந்து, பையிலிருந்து பேப்பர் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பையனாகப் பிடித்து இழுத்து ஆளாக்குகிறார். தப்பு செய்த பையன் வராந்தாவில் முட்டி போட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இருப்பான். வாத்தியார் வந்து ‘எழுந்திரு’ என்று ஒரு வார்த்தை சொல்வார். அதைச் சொல்கிற விதத்திலேயே பையன் உடைந்து அழுதுவிடுவான். நானும்தான்.

எதற்கு அழுதேன் என்று அப்போது யோசிக்கவில்லை. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, நாஷ்டா கூட சாப்பிடாமல், ஜன்னலில் லுங்கியைக் கட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். டிஸ்க் கீறல் விழுந்து வாத்தியாரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தபோது, பாயிடம் கெஞ்சி வேறு காப்பி வாங்கினேன்.

“இன்னாப்பா, கொரியாக்கார பொண்ணு கின்னு யாரயாச்சும் புட்ச்சிட்டியா?” என்று கேட்டார் பாய். இல்லை பாய், வாத்தியார் ஒருத்தரைப் பிடித்துவிட்டது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

வான்னா வா தான்

பார்க்கப் பார்க்கக் காதில் ஒன்று தட்டுப்பட்டது. அந்தப் பையன்கள் அப்பாவை ‘அப்பா’ என்றார்கள். அம்மாவை ‘ஒம்மா’ என்றார்கள். நான் என்பதற்கு ‘நா’. நீ என்பதற்கு ‘நீ’. எல்லாவற்றுக்கும் மேலே, வாத்தியார் கையை ஆட்டி ஒரு பையனைக் கூப்பிடும்போது “இரி வா” என்றார். கீழே ஆங்கிலத்தில் ‘இங்கே வா’ என்று எழுத்து ஓடியது.

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கொரியாக்காரனுக்கும் வா என்றால் வா!

அடுத்த நாள் கேன்டீனில் என் சொற்பொழிவு ஆரம்பமானது. சாம்பார் வாளி ஆறிக்கொண்டிருக்க, நான் தமிழும் கொரியாவும் அண்ணன் தம்பி என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். “நீன்னா நீ. வான்னா வா. இதுக்கு மேல இன்னா வேணும்?” பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அவ்வளவு மரியாதை எனக்கு அந்தக் கம்பெனியில் அதற்குமுன் கிடைத்ததில்லை. ஒரு வாரத்தில் எனக்கு ‘வாத்தியாரு’ என்று பேர் வந்துவிட்டது.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. அந்தப் பையன்கள் வாத்தியாரிடம் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ‘யோ’ என்றார்கள். எதைச் சொன்னாலும் யோ. நம் பக்கத்தில் யாரையாவது ‘யோவ்’ என்றால் சட்டையைப் பிடித்துவிடுவார்கள். அடங்காத வகுப்பு இல்லையா, அதுதான் வாத்தியாரையே யோ போட்டுப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசி டிஸ்க்கில் எல்லாரும் திருந்தி, அழுது, கட்டிப்பிடித்து, அப்போதும் யோ யோ என்றார்கள். திருந்தியும் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லையே என்று எனக்கு வருத்தம்.

சிரிக்காதீர்கள்.

ஓட்டிவிட்ட சீன்

அதைவிட வருத்தம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு சீன். ஒரு பையனின் அப்பா ஸ்கூலுக்கு வருகிறார். மீன் விற்பவர். முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் ஈரமான தொப்பி. வகுப்பு வாசலில் தயங்கி நிற்கிறார். வாத்தியார் திரும்பிப் பார்த்து “இரி ஒசேயோ” என்றார். அடுத்து “அஞ்சுசேயோ” என்றார்.

இங்கே வா, உட்கார் என்று கீழே எழுத்து வந்தது. எழுத்தில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் என் காதில் விழுந்தது அந்த ‘யோ’தான். பையனை அன்பாக ‘அஞ்சா’ என்று உட்காரச் சொல்கிறவர், அவன் அப்பனைப் பார்த்ததும் யோ என்கிறாரே! நீயும் அப்படித்தானா சார்? ரிமோட்டை எடுத்து அந்த சீனை ஓட்டிவிட்டேன். அதற்கப்புறம் எத்தனை முறை பார்த்தாலும் ரப்பர் பூட்ஸ் தெரிந்தவுடன் கை தானாக ரிமோட்டுக்குப் போய்விடும்.

ஏன் என்று சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும்போது, வேர்க்கடலை பிடுங்குகிற சமயத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சரியாகப் போகவில்லை. கணக்கு சார், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். நைனா கடலை பிடுங்கிக்கொண்டிருந்த கொல்லியில் இருந்து அப்படியே வந்தார். காலில் செம்மண். பிரேயர் முடிந்து எல்லாரும் வரிசையில் நின்ற நேரம். கணக்கு சார் நைனாவைவிடப் பத்து வயதாவது சின்னவர்.

“யோவ், நீதான் இவன் அப்பனா? இந்தாண்ட வாய்யா.”

நைனா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ‘சார், சார்’ என்றார். என்ன ஏது என்று எனக்கு மிச்சம் எதுவும் ஞாபகமில்லை. அந்த யோவ் மட்டும்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் போகும்போது நைனா என்னைப் பார்த்தார். நான் கட்டை விரலால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தேன், எதுவும் காதில் விழாதவன் மாதிரி. அதற்கப்புறம் பல வருஷம் அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு நல்ல வாத்தியார் டிவியில் கிடைத்தால் விடுவானா?

தெய்வானை அக்காவின் கால்

கம்பெனிக்கு வருகிறேன்.

பிசிறு வெட்டும் லைனில் தெய்வானை அக்கா என்று ஒருவர். ஆரம்பாக்கம் பக்கத்து கிராமம். லைனிலேயே வயதில் மூத்தவர். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வெட்ட வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்குள் அக்காவின் கால் வீங்கி, சேஃப்டி ஷூவைக் கழற்ற முடியாமல் போய்விடும். கெண்டைக்காலில் நரம்பு புடலங்காய் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு ஸ்டூல் போட்டால் உட்கார்ந்தே வெட்டலாம். வேலையில் ஒரு மாற்றமும் இருக்காது.

சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்தார்கள். “நிக்க முடியலன்னா ஊட்லயே இருந்துக்க சொல்லு. ஆளா இல்ல?” என்றார் அவர்.

கம்பெனிக்குத் தலைவராக ஒரு கொரியப் பெரியவர் இருந்தார். சோ சார் என்போம். அறுபது வயது இருக்கும். தினமும் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு லைனைச் சுற்றி வருவார். கூடவே லீ என்ற இளம் இன்ஜினியர். பெரியவருக்கு ஆங்கிலம் ‘குட்’, ‘நோ குட்’டோடு முடிந்துவிடும். லீக்கு ஆங்கிலம் வரும். ஆனால் லீயிடம் எதைச் சொன்னாலும் அது சூப்பர்வைசருக்குத்தான் திரும்பி வரும்.

“நேரா பெரியவராண்டயே பேசினா இன்னா?” என்றாள் ஒருத்தி. எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது.

“நீதான் அவுங்க பாஷய கரைச்சு குட்ச்சிக்கிறியே. எனுக்காவ ரெண்டு வார்த்த பேசேன் தம்பி,” என்றார் தெய்வானை அக்கா.

மறுக்கிற ஆளா நான்? ரூமுக்குப் போய் ஒத்திகை பார்த்தேன். ஸ்டூல் என்பதற்குக் கொரிய வார்த்தை தெரியாது. கால் வலிக்கும் தெரியாது. ஆனால் ‘இங்கே வா’ தெரியும், ‘உட்கார்’ தெரியும். பெரியவரை அக்கா நிற்கிற இடத்துக்குக் கூப்பிட்டு, அங்கே உட்கார வைத்து, உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது என்று கையைக் காட்டிப் புரியவைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

உட்கார் என்பதற்கு இரண்டு வார்த்தைகள் கைவசம் இருந்தன. பையன்களிடம் சொல்லும் அஞ்சா, மீன்காரரிடம் சொன்ன அஞ்சுசேயோ. வயசான மனுஷரிடம் யோ போட்டுப் பேசுவதா? சீ. நல்ல வார்த்தையாக அஞ்சாவையே எடுத்துக்கொண்டேன். அவ்வளவு கவனம் எனக்கு.

“நே, சொன்செங்னிம்”

காலையில் பெரியவர் வந்தார். நான் லைனைவிட்டு வெளியே வந்து நின்றேன். கீழே கவிழ்த்து வைத்திருந்த நீல பிளாஸ்டிக் கிரேட் பெட்டியைக் காட்டினேன். தொண்டையைச் சரி செய்துகொண்டு, டிவி வாத்தியாரின் அதே குரலில், அதே கையாட்டலோடு சொன்னேன்:

“நீ. இரி வா. அஞ்சா.”

லீயின் காது இரண்டும் சிவந்தன. பெரியவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்துவிட்டு, மெதுவாக நடந்து வந்து, அந்த கிரேட்டின் மேல் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முட்டி மேல் வைத்துக்கொண்டார். தலையைக் கொஞ்சம் குனிந்தார்.

“நே, சொன்செங்னிம்,” என்றார்.

சரி, வாத்தியாரே. அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். என்னை வாத்தியார் என்கிறார்! லைன் முழுக்கப் பெண்கள் கை தட்டினார்கள். நான் தெய்வானை அக்காவின் காலைக் காட்டினேன், கிரேட்டைக் காட்டினேன், பிளேடு வெட்டுவது போல் கையை ஆட்டினேன். பெரியவர் அக்காவின் காலையே பார்த்தார். எழுந்தார். பேன்ட்டைத் தட்டிக்கொண்டு போனார்.

அவர் உட்கார்ந்திருந்தபோது அந்த முகத்தை எங்கேயோ பார்த்தது போல் இருந்தது எனக்கு. கை தட்டல் சத்தத்தில் அதை யோசிக்க நேரமில்லை.

லீ சொன்னது

டீ டயத்தில் லீ என்னைக் கையைப் பிடித்து ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் இழுத்துப் போனான். என்ன காரியம் செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டான். கொரிய மொழியில் பேசினேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

“நீ பேசியது கொரிய மொழி இல்லை. ஒரு வாத்தியார் சின்னப் பையனிடம் பேசுவது. அவருக்கு என் அப்பா வயது. எங்கள் ஊரில் நான் அப்படிப் பேசினால், அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.”

“நான் மரியாதையாகத்தானே பேசினேன். யோ கூட போடவில்லையே!”

லீ என்னைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்ததா, பாவமாக இருந்ததா என்று தெரியவில்லை.

“யோதான் மரியாதை,” என்றான்.

நம் ‘வா’வின் வாலில் ‘ங்க’ சேர்த்தால் வாங்க ஆகிறதே, அதுதான் அது. பையன்கள் திமிரில் யோ சொல்லவில்லை. வாத்தியாருக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். நான் கண்டுபிடித்த அண்ணன் தம்பி வார்த்தைகள், அந்த நீ, அந்த வா, எல்லாமே ஒருமை. கீழே ஓடிய ஆங்கில எழுத்தில் எல்லாருமே ஒரே ‘யூ’ என்பதால் எனக்கு வித்தியாசம் தெரியவே இல்லை.

அந்த முகம் எங்கே பார்த்தது என்று அப்போது தெரிந்துவிட்டது. பிரேயர் மைதானம். கக்கத்தில் துண்டு. தன்னைவிட வயதில் சின்னவன் ஒருவன் எல்லார் முன்னாலும் ‘இந்தாண்ட வா’ என்றதும் வந்து நிற்கிற ஒரு மனுஷனின் முகம். இந்தத் தடவை கூப்பிட்டவன் நான். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

லைனுக்குத் திரும்பினால் அங்கே வேறு இடி. பெரியவர் தெய்வானை அக்காவை ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார். காண்ட்ராக்ட் ஆளை ஆபீசுக்குக் கூப்பிட்டால் அங்கே ஒரு விஷயம்தான் நடக்கும்.

“வாத்தியாரே, அக்கா கதய முட்ச்சிட்ட,” என்றார் சூப்பர்வைசர் பல்லைக் காட்டிக்கொண்டு.

அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்தார். அவருடைய சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது, மகள் அந்த வருஷம் பத்தாவது என்பது லைனில் எல்லாருக்கும் தெரியும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“நீ இன்னா பண்ணுவ தம்பி. எனுக்காவ தான பேசின. நீ வர்த்தப்படாத,” என்று சொல்லிவிட்டு, அந்த வீங்கின காலோடு நடந்து போனார்.

மறுபடி வராந்தா

அப்படித்தான் நான் பினாயில் தரையில் முட்டி போட்டேன். டிவியில் தப்பு செய்த பையன் எப்படிப் போட்டானோ அப்படி.

கை வலிக்க ஆரம்பித்தபோது கதவு திறந்தது. சோ சார் நின்றார். கையில் இன்ச் டேப். அவருக்குப் பின்னால், அவருடைய சக்கரம் வைத்த பெரிய நாற்காலியில், தெய்வானை அக்கா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பிளேடு பிடிக்கிற மாதிரி ஒரு கையை அந்தரத்தில் நீட்டி வைத்திருந்தார். தரையிலிருந்து அந்தக் கை எவ்வளவு உயரம் என்றுதான் பெரியவர் அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

“இன்னா தம்பி இது?” என்றார் அக்கா, கையை இறக்காமலே.

பெரியவர் என் உயர்த்திய கைகளைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். அவர் கழுத்துச் சிவந்தது. எனக்காகக் கூசுகிறார் என்பது தெரிந்தது. குனிந்து என் தோளில் கை வைத்தார்.

“இரொனா,” என்றார்.

எழுந்திரு. வாலில் யோ இல்லை. டிவி வாத்தியார் சொல்லும் அதே வார்த்தை. அதை ஒரு பெரியவர் சொல்லலாம், அவர் வாயில் அது அழகாக இருக்கிறது. என் வாயில் அது இருந்திருக்கவே கூடாது. நான் எழுந்தேன். பையனைப் போல நானும் அழுதேன், அக்கவுண்ட்ஸ் பெண்கள் பார்க்கவே.

பெரியவர் ஏதோ நீளமாகச் சொன்னார். மன்னித்துவிட்டாரா என்று, பக்கத்தில் வந்து நின்ற லீயிடம் கேட்டேன்.

“ஸ்டூலுக்குக் கீழே கால் வைக்க ஒரு கம்பி வேண்டுமாம்,” என்றான் லீ.

ஸ்டூல்கள் வந்தன. உடனே இல்லை, மழைக்காலம் தொடங்குவதற்குள் வந்தன. பச்சை பெயின்ட், கீழே கம்பி. பெண்கள் அதற்கு ‘வாத்தியாரு ஸ்டூல்’ என்று பேர் வைத்தார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் “வாத்தியாரே, அஞ்சா!” என்று கத்துவார்கள். கொரியாக்காரனையே உட்கார வைத்தவன் என்று புது ஆட்களிடம் என் கதையைச் சொல்வார்கள். தெய்வானை அக்கா வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்து கொடுத்தார். நான் அந்த ஸ்டூலில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சோ சார் எதிரில் வந்தால் பாத்ரூமுக்குள் நுழைந்துவிடுவேன்.

நைனா வந்தார்

நான் முட்டி போட்ட அந்த வாரமே, ஓட்டிவிட்ட சீனை ஓட்டாமல் பார்த்தேன்.

ரப்பர் பூட்ஸ் வாசலில் தயங்குகிறது. வாத்தியார் இரி ஒசேயோ என்கிறார். வாங்க, இப்படி வாங்க. மீன்காரரைத் தன் நாற்காலியில் உட்கார வைக்கிறார். தான் போய்ப் பையன்கள் உட்காரும் சின்ன பெஞ்சில் ஒடுங்கி உட்கார்கிறார். பேசுகிறார், பேசுகிறார், ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் யோ. வகுப்பில் முரட்டுத்தனமாகப் பேசும் அந்த மனுஷன், மீன் வாசனை அடிக்கும் ஒரு அப்பாவிடம் ஒரு இடத்தில் கூட அதை விடவில்லை. சீரியல் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த சீன் அது. அதைத்தான் ரிமோட்டால் தாண்டிப் போயிருக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்து நைனா என்னைப் பார்க்க வந்தார். ஒரு பையில் வறுத்த வேர்க்கடலை. பாயில் உட்கார்ந்து உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். நான் ஏதோ யதேச்சையாகப் போடுவதுபோல் டிவியில் அந்த சீனைப் போட்டேன். அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நைனா கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாற்காலில கீறவரு பையனோட அப்பனா?”

“ஆமா நைனா.”

“பெஞ்சில கீறவரு வாத்தியாரா?”

“ஆமா.”

“அப்பறம் இன்னாத்துக்கு அவர யோ, யோன்னு சொல்லிக்கினு கீறாரு?”

“இல்ல நைனா. அந்த ஊர்ல யோன்னா மரியாதை. நம்ம ‘ங்க’ மாதிரி.”

நைனா கையில் இருந்த கடலையை உடைத்தார். பருப்பை வாயில் போட்டு மென்றார். டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அப்டியா,” என்றார். “அப்ப உங்க கணக்கு சாரு அன்னிக்கு எனுக்கு ரொம்ப மரியாதை குடுத்துக்கிறாரு சேகரு. நம்ம ரெண்டு பேருக்குந்தான் பாஷை தெரியாம பூட்ச்சி.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் பாயில் சிதறிக் கிடந்த கடலைத் தொலியைப் பொறுக்குகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.